கேட்பவர் பெயர்

ஜூன் 3, திங்கள்

மருந்து கம்பெனி ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் இழுப்பறையில் வெறுமனே கிடந்தது, இன்றுதான் எடுத்தேன். கம்ப்யூட்டரில் எழுதினால் என்ன என்று யாராவது கேட்கலாம். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவன் நான். என்னுடையதைக் கொண்டுபோய் அதில் வைப்பேனா?

பாளையங்கோட்டையில் நானூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. அதில் நெட்வொர்க் பொறுப்பு எனக்கு. மொத்தம் அறுபத்து நான்கு சுவிட்ச். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் வரும் கேபிள் ஏதாவது ஒரு சுவிட்சின் போர்ட்டில் போய்ச் செருகியிருக்கும். போர்ட் மூடினால் அந்த மேஜை இருட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் சர்வர் எல்லா சுவிட்சையும் நலம் விசாரித்துவரும்.

எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. பத்து நாளாக லேபின் போர்ட் தானாக மூடிக்கொள்கிறது. தானாக என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். போர்ட் தானாக மூடாது, யாரோ மூடுகிறார்கள். சுவிட்சின் பதிவிலும், மூடச் சொன்னது கண்காணிப்பு சர்வர் என்றே இருக்கிறது. அந்த சர்வரின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இருவர். ஒருவன் நான்.

இன்னொருத்தி பெல்சியா.

ஜூன் 4, செவ்வாய்

பெல்சியாவைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். மார்த்தாண்டத்துக்காரி, இருபத்தாறு வயது. மார்ச் கடைசியில் எனக்கு உதவியாக எடுத்தார்கள். மூன்று மாதம் தகுதிகாண் காலம், இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. வேலையில் கெட்டி, அதை நான் மறுக்கவில்லை. மே இருபதில் சர்வர் பாஸ்வேர்டை அவளுக்குக் கொடுத்தேன். அதே வாரம் புதுக் கட்டடத்துக்காக லேப் மாடி சுவிட்சோடு கூடுதல் போர்ட் உள்ள புதுப் பெட்டி ஒன்றைச் சேர்த்து, சுவிட்சை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டோம். அந்த வாரக் கடைசியிலேயே போர்ட் மூட ஆரம்பித்தது.

மே இருபது பாஸ்வேர்டு, மே இருபத்தைந்து முதல் பிரச்சினை. சின்னப் பிள்ளைக்கும் கணக்குப் புரியும்.

வீட்டில் மோட்டார் மறுபடி காற்று வாங்குகிறது. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, புதன்

நிர்வாக அலுவலர் காஜா மைதீன் சார் கூப்பிட்டார். புதுக் கட்டடத்துச் சுவிட்சுகளை எந்த முறையில் கண்காணிப்பது என்று மாதக் கடைசிக்குள் பரிந்துரை எழுதித் தர வேண்டுமாம்.

"சிவசைலம், ஒரே வரியில சொல்லுங்க. எது நல்லது? எனக்குப் புரியிற மாதிரி."

சொன்னேன். இப்போது நாம் வைத்திருப்பது எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு. ஒரு ரகசியச் சொல் உண்டு, அதைச் சொல்லிக் கேட்டால் சுவிட்ச் பதில் சொல்லும். இன்னொரு சொல் சொன்னால் போர்ட்டை மூடும், திறக்கும். எளிமை. இருபது வருடமாக ஓடுகிறது. மூன்றாம் பதிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு, போகிற வழியெல்லாம் பூட்டு. விற்கிற கம்பெனிக்காரன் இதையும் தாண்டி நெட்காஃப் என்று ஒன்றைச் சொல்கிறான். நம் பழைய சுவிட்சுகளுக்கு அந்தப் பாஷையே தெரியாது. இரண்டாம் பதிப்பே போதும்.

அறையிலிருந்த பெல்சியா வாயைத் திறந்தாள். "சார், ஒண்ணு சொல்லட்டா? ரெண்டாம் பதிப்புல அந்த ரகசியச் சொல்லு போஸ்ட் கார்டுல எழுதின மாதிரி போவும். நடுவுல யாரும் வாசிக்கலாம். அதவிட, கேட்டது யாருன்னு தெரியாது. லேப் போர்ட்ட மூடுனது யாருன்னு நமக்கு இப்பமும் தெரியல்ல பாத்தியளா. மூணாம் பதிப்புன்னா பேரு விழுந்திருக்கும்."

காஜா சார் என்னைப் பார்த்தார். பழைய சுவிட்சுகளுக்குச் சுமை கூடும், மெதுவாகும் என்று சொன்னேன். அது உண்மைதான். சில மாடல்களுக்கு உண்மை.

லேப் விஷயத்தை அவளே எடுத்துப் பேசியதைக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

காலை 8.41க்கு பெல்சியாவின் போர்ட் உயிர் பெற்றது. ஆபீஸ் ஒன்பதரைக்கு. ஐம்பது நிமிடம் தனியாக என்ன வேலை?

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. யார் எப்போது கம்ப்யூட்டரைப் போட்டார்கள், எப்போது அணைத்தார்கள், மத்தியானம் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது, எல்லாம் சுவிட்சைக் கேட்டால் சொல்லும். அக்கவுண்ட்ஸில் பாதிப் பேர் பத்தேகாலுக்குத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், காஜா சாருக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்துவைத்திருப்பது பாதுகாப்புக்காக.

மூன்றாம் பதிப்பு வந்தால் நான் கேட்கும் ஒவ்வொன்றிலும் என் பெயர் விழும். அதனால்தான் எதிர்க்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் கவலை பழைய சுவிட்சுகளைப் பற்றி மட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

சாரல் காற்று. வடிவு மோர்க்குழம்பு வைத்தாள். "என்னத்த அப்படி எழுதுதீய?" என்று எட்டிப் பார்த்தாள். மூடி வைத்தேன்.

"வீட்டுக்குள்ளயே ஒளிக்கீய. ஆபீஸ்ல அந்தப் பிள்ளைய எப்படிப் பாடாப் படுத்துதீயளோ" என்றாள். பெல்சியாவைப் பற்றி இவளிடம் எப்போது சொன்னேன்? யோசித்துப் பார்த்தேன், தினமும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

காலை 11.20க்கு லேப் இன்சார்ஜ் ராமலெட்சுமி மேடம் போன். "சார், மறுபடியும் போயிட்டு. மிஷின்ல ரிசல்ட் வந்து நிக்கு, வார்டுக்குப் போவ மாட்டேங்கு." லேப் மிகவும் பரபரப்பாக இருக்கும் நேரம் அது. போனவாரமும் இதே மாதிரி பரபரப்பான நேரத்தில்தான் போனது, அதற்கு முன்னும் அப்படித்தான். லேப் சும்மா இருக்கும் நேரத்தில் ஒருமுறைகூட மூடியதில்லை. நேரம் பார்த்து அடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

போர்ட்டைத் திறந்தேன். சில நிமிடத்தில் மறுபடி மூடிவிட்டது. திரும்பத் திறந்தேன். திரும்ப மூடியது. நான் திறக்க யாரோ மூட, யாரோ மூட நான் திறக்க. எதிர் மேஜையில் பெல்சியா உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?" என்றேன்.

"பதிவைப் பாக்கேன் சார்."

"கையை எடு."

எடுத்தாள். முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு திறந்தபோது போர்ட் மூடவில்லை. இதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. டயாலிசிஸுக்கு வந்த அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது, அந்த ரிசல்ட் டாக்டருக்குப் போகாமல் மிஷினிலேயே நின்றிருக்கிறது. ராமலெட்சுமி மேடம் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மாடிப்படியில் ஓடியிருக்கிறார். பெரியவர் தப்பித்தார்.  

கையை எடுத்ததும் நின்றுவிட்டது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 13, வியாழன்

பெல்சியா மேஜைக்கு வந்தாள். "சார், சர்வர்ல ஒரு பழைய வேலை தானா ஓடுது. உங்க பேருல இருக்கு. நீங்க ஒருக்கா பாக்கணும்."

"என் பேர்ல நூறு ஓடும். இருபத்திரண்டு வருஷம். நீ உன் வேலையப் பாரு."

நேற்று பிடிபட்டதும் இன்று என் பக்கம் கை காட்டுகிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஜூன் 14, வெள்ளி

என்னைத் தாண்டிக் காஜா சாரிடம் போயிருக்கிறாள். லேப் மாடி சுவிட்சில் மட்டும் மூன்றாம் பதிப்பை வைத்துப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டாள். சார் சரியென்றபின் நான் என்ன சொல்ல? மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டாள், அந்த சுவிட்சிலிருந்து பழைய ரகசியச் சொற்களையும் அழித்துவிட்டாள். கண்காணிப்பு மென்பொருளில் எனக்கு ஒரு பெயர், அவளுக்கு ஒரு பெயர்.

பிளம்பர் வரவில்லை. வாளியில் தண்ணீர் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 17, திங்கள்

வெள்ளி மத்தியானத்திலிருந்து லேப் போர்ட் ஒருமுறைகூட மூடவில்லை. சனிக்கிழமை லேபில் திருவிழாக் கூட்டம், அப்போதும் மூடவில்லை.

"பாத்தியளா சார்" என்றாள் பெல்சியா. சந்தோஷம் அவளுக்கு.

பார்க்கத்தான் செய்தேன். தனக்குப் பிடித்த பதிப்பு வந்ததும் மூடுவது நின்றுவிட்டது. இவளே நோயை வைத்து இவளே மருந்தும் கொடுக்கிறாள். பதினான்கு நாள் பொறுமையாகக் குறித்துவைத்தது வீண்போகவில்லை.

காஜா சாருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தேதி, நேரம், பாஸ்வேர்டு கொடுத்த நாள், 8.41க்கு அவள் வரும் விவரம், பன்னிரண்டாம் தேதி கையை எடுத்ததும் நின்றது. குற்றம் சாட்டவில்லை. நடந்ததை மட்டும் வரிசையாக வைத்தேன். படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

ஜூன் 18, செவ்வாய்

பெல்சியாவிடம் விளக்கம் கேட்டு மெமோ போயிருக்கிறது. வாங்கும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு.

ஜூன் 20, வியாழன்

அவள் கொடுத்த விளக்கம் என் குறிப்புக்காக வந்தது. கையால் எழுதியிருந்தாள், இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க, தான் எந்தெந்த நேரம் எந்த வேலையில் இருந்தேன் என்ற விவரம். 'விளக்கம் திருப்தியாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அப்போது மணி பன்னிரண்டேகால், மத்தியானச் சாப்பாட்டுக்குமுன் அனுப்பியாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மாலை மூன்று மணிக்குக் காஜா சார் அவளைக் கூப்பிட்டார். இருபத்தெட்டு வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதி முடிப்பார்கள். சர்வரில் அவளுடைய உரிமை எல்லாவற்றையும் நானே நீக்கினேன்.

பைக்குள் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்தாள். என் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், தகுதி இல்லன்னு எழுதிட்டா இனி வேற ஆஸ்பத்திரியில எடுக்க மாட்டாங்க. நான் செய்யல்ல சார்."

"என்ட்ட எதுக்குச் சொல்லுத? ஆபீஸ்ல சொல்லு."

"நீங்க பாத்தா தெரிஞ்சிரும்ன்னுதான் உங்கள்ட்ட சொல்லுதேன்."

போய்விட்டாள். 3.52க்கு அவள் போர்ட் அணைந்தது.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் கோயில் தேர். பஸ் சுற்றிப் போனது, அரை மணி தாமதம். எதிர் மேஜை காலி. நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. நிம்மதியாக இருக்கிறது என்று எழுதலாம்.

வடிவு கேட்டாள், "அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" லீவில் போயிருக்கிறாள் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

லேப் மாடி சுவிட்சின் பதிவை இன்று எதற்காகத் திறந்தேன் என்று தெரியவில்லை. பரிந்துரை எழுத விவரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பக்கம் பக்கமாக ஒரே வரி: தவறான ரகசியச் சொல், அனுமதி மறுக்கப்பட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. வெள்ளி, சனி, ஞாயிறு, இன்று. யாரோ பழைய ரகசியச் சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கிருந்து என்று பார்த்தால் என் சர்வரிலிருந்து.

கண்காணிப்பு மென்பொருளை அவள் பதினான்காம் தேதியே மூன்றாம் பதிப்புக்கு மாற்றிவிட்டாள், அது பழைய சொல்லைச் சொல்லாது. அவளுக்கு உரிமையும் இல்லை, ஊரிலும் இல்லை. அப்படியென்றால் போகும்போது எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கெட்டிக்காரி. நாளை தேடிப் பிடித்து, அச்செடுத்து, காஜா சாரிடம் வைக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

பிளம்பர் வந்தார். வாஷர் போயிருந்ததாம். தண்ணீர் நன்றாக வருகிறது.

ஆபீஸில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 26, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

சர்வரில் தேடியது நேற்றுக் காலை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில், கடைசிக்கு முந்திய வரி. அருணகிரி37 என்று பெயர். எழுதியவர் பெயர் சிவசைலம். ஒன்பது வருடத்துக்கு முந்திய தேதி.

அருணகிரி எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். வேலை நேரத்தில் கிரிக்கெட் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். யாரிடமும் சொல்லாமல் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். லேப் மாடி சுவிட்சில் முப்பத்தேழாம் எண் அவருடைய போர்ட். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் போர்ட்டில் எவ்வளவு போக்குவரத்து என்று கேட்கும். அளவுக்கு மேல் இருந்தால் மூடிவிடும், இருபது நிமிடம் கழித்துத் திறந்துவிடும். மனுஷன் கேபிளை ஆட்டுவார், கம்ப்யூட்டரைத் தட்டுவார், எனக்குப் போன் போடுவார். "என்னன்னு தெரியல சார், பாக்கேன்" என்பேன். அடுத்த வருடம் அவர் ரிட்டயர் ஆனார், அந்த மேஜையையே எடுத்துவிட்டார்கள். நிரலை நிறுத்தவில்லை. மறந்தே போனேன். சர்வரைப் புதிதாக்கியபோது எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்துப் புதுசில் வைத்தேன், இதுவும் கூடவே வந்துவிட்டது. வெறும் போர்ட்டை எட்டு வருடமாகக் காவல் காத்திருக்கிறது.

சுவிட்சுக்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் உள் எண் உண்டு. புதுப் பெட்டி சேர்த்து அணைத்துப் போட்டால் அந்த எண்கள் இடம் மாறலாம். இந்தத் தொழிலில் முதல் வருடமே சொல்லித் தருவார்கள், எண்ணை நம்பாதே, போர்ட்டின் பெயரைக் கேட்டு வேலை செய் என்று. நான் எண்ணை வைத்து எழுதியிருந்தேன். மே மாதம் பெட்டி சேர்த்தோம். முப்பத்தேழு இப்போது லேபின் போர்ட்.

லேபுக்கு வேலை கூடும்போதெல்லாம் போக்குவரத்து அளவைத் தாண்டும். தாண்டினால் மூடும். நேரம் பார்த்து அடித்தது யாரும் இல்லை. பன்னிரண்டாம் தேதி நான் திறக்கத் திறக்க மூடியது என்னுடைய நிரல். அவள் கையை எடுத்ததும் நிற்கவில்லை. நாற்பது நிமிடத்தில் மிஷின் அனுப்ப வேண்டியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் முடிந்திருந்தது, அதனால் நின்றது. பதினான்காம் தேதிக்குப் பிறகு மூடாததும், நிரல் சொல்லும் பழைய சொல்லைச் சுவிட்ச் ஏற்காததால்தான்.

அந்தப் பெரியவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

மத்தியானம் ஆபீஸில் பெல்சியாவின் விளக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தை இருபதாம் தேதி நான் திருப்பவில்லை. இன்று திருப்பினேன். 'சர்வரில் அருணகிரி37 என்று ஒரு பழைய வேலை ஓடுகிறது. இதுதான் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சிவசைலம் சார் பெயரில் இருப்பதால் அவருடைய அனுமதி இல்லாமல் நான் திறந்து பார்க்கவில்லை. அவர் பார்த்தால் தெரிந்துவிடும்.'

அவமானமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

நிரலை இன்னும் அழிக்கவில்லை. அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் காலையிலிருந்து எத்தனை தடவை வந்தது என்று எழுத மாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

காஜா சாரிடம் போனேன். பழைய சர்வரில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, பெல்சியா மேல் தவறில்லை என்று தோன்றுகிறது என்றேன்.

"தோணுதா, தெரியுதா?"

"தெரியுது சார்."

"யாரு வச்ச கோளாறு?"

பழையது, ரொம்ப வருடத்துக்கு முன்னால் போட்டது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு நான் அந்தப் பிள்ளை ஃபைல்ல கையெழுத்துப் போடணும். வாய்ல சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது சிவசைலம். எழுத்துல இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல."

மேஜைக்கு வந்து கடிதம் அடித்தேன். நிரலை எழுதியது நான், எண்ணை வைத்து எழுதிய தவறு என்னுடையது, அருணகிரி மேல் வைத்த சந்தேகம் காரணம், பெல்சியாவுக்கு இதில் சம்பந்தமில்லை, இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் குறிப்பு எழுதியதும் என் தவறு. கீழே பரிந்துரையும் சேர்த்தேன்: எல்லாச் சுவிட்சுக்கும் மூன்றாம் பதிப்பு. அது தெரியாத பழைய சுவிட்சுகளை மாற்றிவிட வேண்டும். யார் கேட்டது என்று பெயர் விழ வேண்டும், என்னுடையது உட்பட.

மாலை நாலரைக்குக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

ஜூன் 28, வெள்ளி

காலை பத்து மணிக்கு பெல்சியாவுக்குப் போன் போட்டேன். நான்காவது தடவைதான் எடுத்தாள்.

அருணகிரியிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் போர்ட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் கோழி கத்துவது கேட்டது. மன்னிச்சிரும்மா என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஆபீஸில் யாரிடமும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அவள் கேட்டாள். "சார், இத ஆபீஸ்ல சொல்லிட்டியளா? இல்ல, எனக்கிட்ட மட்டும் சொல்லுதியளா?"

"எழுதியே கொடுத்தாச்சு. நேத்து சாயங்காலம்."

"அதுக்க ஒரு காப்பி அனுப்புங்க சார்."

என் வார்த்தை போதாதா என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் மறுபடி சொன்னாள், மெதுவாக, மரியாதையாக. "கோவப்படாதீங்க சார். நீங்க சொன்னா நம்பணும்னுதான் நெனைக்கேன். முடியல்ல. பாத்தாத்தான் முடியும்."

போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

'இதுல கையெழுத்து இல்ல சார். இன்வேர்டு சீலும் இல்ல.'

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்று இருபது.

நேற்று நான் கடிதத்தைக் கொடுக்கவில்லை. காஜா சார் அறை வாசல் வரை போனேன், உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பிவிட்டேன். கடிதம் பைக்குள் மடித்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து இந்த டைரியில், யாருக்கும் காட்டாத இந்த டைரியில், கொடுத்துவிட்டதாக எழுதினேன். வடிவிடமும் அப்படியே சொன்னேன். இன்று காலை பெல்சியாவிடம் சொன்னபோது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. போனிலேயே அவளைச் சமாதானப்படுத்திவிட்டால் கடிதம் தேவைப்படாமலே போகலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. இருந்தது.

காஜா சார் அவள் ஃபைலில் கையெழுத்துப் போட மத்தியானம் இரண்டு மணி என்று சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு தடவை எழுதவில்லை, மூன்றாம் தடவை எழுதியது. இன்வேர்டு சீல் போடும் தபால் பிரிவில் அமுதவல்லி சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மத்தியானம் குடுங்க சார், சீல் போட்டுருதேன்" என்றார். இப்பமே வேணும்மா என்று நின்றேன். டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு, கடிதத்தை ஒரு தடவை மேலோட்டமாகப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். சீல் அடித்து, பதிவேட்டில் எழுதி, எண் போட்டார். அவர் படித்துவிட்டதால் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும்.

காஜா சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பெல்சியாவின் ஃபைலை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். "திங்கக்கிழம பேசுவோம்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை.

வெளியே வந்து சீல் தெரிகிற மாதிரி மறுபடி போட்டோ எடுத்து, சார் அவள் ஃபைலைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்ததையும் எழுதி அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளம் உடனே வந்தது. பதில் வரப் பத்து நிமிடம் ஆயிற்று. பெரிதாக்கிப் பார்த்திருப்பாள், தேதியைச் சரிபார்த்திருப்பாள். என்னிடம்தானே மூன்று மாதம் வேலை கற்றாள்.

'பாத்தேன் சார். திங்கக்கிழம வாறேன்.'

அவள் நம்பிய பிறகுதான், கொடுத்துவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.